அடிப்பாகத்துக்குக் காப்பீடு இல்லை

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாகப் படுத்துக்கொண்டே சம்பாதிக்கிறார். வெளிநாட்டிலிருந்து காடு, மலை, மணல் என்று சுற்ற வருகிறவர்களுக்கு ஜீப் வாடகைக்கு விடுகிற கம்பெனி ஒன்றில் வேலை. வண்டி திரும்பி வந்ததும், சின்னச் சக்கரம் வைத்த ஒரு பலகையில் மல்லாக்கப் படுத்து, அடியில் உருண்டு போய், எங்கே இடித்திருக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து எழுத வேண்டும். வெளியே போகிற வண்டியையும் அதே மாதிரி பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். யார்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பலகை' என்பார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

விடுமுறையைக் கழித்துவிட்டு அவர்கள் கொண்டுவந்து நிறுத்துகிற வண்டிகளைப் பார்த்தால் மனித ஜாதி மேலேயே வெறுப்பு வரும். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள், அழுக்கு எனக்குப் புதிதில்லை. ஆனால் நோயாளியின் அழுக்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இது கொழுப்பெடுத்த அழுக்கு. வண்டிக் கூரை மேல் விரிக்கிற கூடாரத்துக்குள் வாந்தி எடுத்து, அதை அப்படியே மடித்து ஜிப்பை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். குட்டி ஃபிரிட்ஜில் மீனை வைத்து, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போவார்கள். குழந்தையின் டயப்பரை உபரி டயரின் உறைக்குள் செருகியிருப்பார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஓட்டித் தீர்த்துவிட்டு, "நாங்க தார் ரோட்டை விட்டு இறங்கவே இல்லையே" என்று நேருக்கு நேர் சொல்வார்கள். அப்போது கதவிடுக்கில் ஆற்றுப்பாசி தொங்கிக்கொண்டிருக்கும்.

அவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. அடிப்பாகத்தில் அடி பட்டிருந்தால் அதன்மேல் சேற்றை அள்ளிப் பூசிக் கொண்டுவருவது. என் வீட்டுக்காரர் பலகையிலிருந்து எழுந்திருக்காமலே கண்டுபிடித்துவிடுவார். ஓடும்போது தெறித்த சேறு பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கும், கையால் பூசிய சேறு வட்டமாக உட்கார்ந்திருக்கும் என்பார். "பூசினவன் எந்தக் கைக்காரன்னு கூட சொல்லிடுவேன்" என்று சாப்பிடும்போது பெருமை அடிப்பார். சேற்றைத் துடைத்தெடுத்து, அடியைக் காட்டி, அவர்கள் முகம் செத்துப்போவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. எனக்கும்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு யோக்கியனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இப்போது எங்கள் மாப்பிள்ளை. சோபா விற்கிற கடையில் வேலை. பகலெல்லாம் சோபா விற்றுவிட்டு வந்து, இரவெல்லாம் சோபாவில் படுத்து, ஜீப் மலையேறுகிற வீடியோ பார்ப்பார். சொந்தமாக ஒரு ஸ்கூட்டர், அதன் பின்னால் 'பாதை இல்லையா, நான் போடுவேன்' என்று ஒரு ஸ்டிக்கர். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் அந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருவார். இந்த மனிதருக்குத்தான் வெளிநாட்டுக்குப் போய் ஜீப் ஓட்டி விடுமுறை கழிக்க வேண்டும் என்ற ஆசை பிடித்தது. எங்களையும் கூப்பிட்டார். பாசம் என்று நான் ஏமாறவில்லை. மகள் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தது தெரியாமல் அவரே சொன்னார்: "மாமா கூட வந்தா நல்லது. வழியில எதாவது ஆச்சுன்னா மெக்கானிக் செலவு மிச்சம்." டிக்கெட் மட்டும் எங்கள் செலவு.

அந்தச் செலவுக் கதையைச் சொன்னால் உங்களுக்கே குமட்டும். விளம்பரத்தில் ஒரு நாள் வாடகை என்று ஒரு தொகை போட்டிருந்தது, பார்க்கச் சாதுவான தொகை. உள்ளே போகப் போகத்தான் வயிறு எரிந்தது. இரண்டாவது ஆள் ஓட்டினால் தனிப் பணம். கூடாரத்துக்குத் தனி, அதற்குள் விரிக்கிற மெத்தைக்குத் தனி. இரண்டாவது உபரி டயருக்குத் தனி, அது இல்லாமல் போகக் கூடாதாம். சிக்னல் இல்லாத இடத்துக்கென்று ஒரு போன், அதற்கு நாள் வாடகை, பேசினால் நிமிடத்துக்கு வேறு. காட்டு வாசலில் ஆளுக்கு ஒரு சீட்டு, வண்டிக்கு ஒரு சீட்டு, ராத்திரி கூடாரம் போட ஒரு சீட்டு. பெட்ரோல் அவர்கள் எழுதிக் காட்டியதைவிட இரண்டு மடங்கு குடிக்கும். மணலில் மூன்று மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

காப்பீட்டுத் தாளை மகள் மொழிபெயர்த்து எழுதிக் கொடுக்க, என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். டயருக்கு இல்லை. கண்ணாடிக்கு இல்லை. தண்ணீரில் இறக்கினால் இல்லை. அடிப்பாகத்துக்கு இல்லை.

"தார் ரோட்டை விட்டு இறங்கறதுக்குன்னே குடுக்குற வண்டியில அடிப்பாகத்துக்கு இல்லைன்னா, வேற எதுக்குத்தாங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"மேல வானம் இடிஞ்சு விழுந்தா குடுப்பாங்க" என்றார். "எங்க கம்பெனியிலயும் இதே தாள்தான்."

அதனால்தான் முன்பணம் கேட்கிறார்கள். வண்டி பழுதில்லாமல் திரும்பினால் முழுசாகத் திருப்பித் தருவார்கள், இல்லாவிட்டால் விழுங்கிவிடுவார்கள். எட்டு மாதம் மகள் வேலை செய்தால் வருகிற தொகை அது. எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அங்கே போய் இறங்கினோம். அந்த ஊர் மொழி எங்களில் மகளுக்கு மட்டும்தான் தெரியும். பேச்செல்லாம் அவள் வழியாகத்தான். வண்டி எடுக்கிற இடத்தில் என் வீட்டுக்காரர் தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துப் படுத்து, நாற்பது நிமிடம் அடிப்பாகத்தைப் பார்த்துப் படம் பிடித்தார். மாப்பிள்ளை வெட்கத்தில் நெளிந்தார். "மாமா, எல்லாரும் பாக்கறாங்க." அடிப்பாகம் சுத்தம், ஒரு கீறல் இல்லை என்று மாமா எழுந்து வந்து சொன்னார். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தது முழுக்க நாங்கள் செய்தது.

விடுமுறை என்ற பெயரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மணலில் இறங்கும் முன் நாலு டயரிலும் காற்றைக் குறைக்க வேண்டும், மணலை விட்டு ஏறியதும் சின்ன பம்பை வைத்து முக்கால் மணி நேரம் காற்று அடிக்க வேண்டும். ஒரு நாளில் நாலு தடவை. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அன்று நல்ல வேகம். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் மாப்பிள்ளையின் சாக்ஸ். என் முழங்காலை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு தடவை கூடார ஏணியில் ஏறி இறங்குவது என்ன தண்டனை என்று பெண்களுக்குப் புரியும். குளிக்க ஆளுக்கு அரை வாளி. ஏழு நாளில் நான் அதிகம் பார்த்த இயற்கைக் காட்சி, முன் சீட்டின் முதுகு. இதற்காகவா ஜனங்கள் சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்? சீ!

ஆறாம் நாள் வறண்ட ஓடை ஒன்று குறுக்கே வந்தது. நடுவில் மாட்டுத் தலை அளவில் கற்கள்.

"இறங்கி நடந்து பாத்துட்டு ஓட்டுங்க மாப்பிள்ளை" என்றார் என் வீட்டுக்காரர். "ஆழம் தெரியாம காலை விடக்கூடாது."

"மாமா, இதுக்குன்னே செஞ்ச வண்டி இது."

"செஞ்சவன் ஓட்டலையே, நீங்கல்ல ஓட்டறீங்க."

மகளை எதிர்க்கரையில் போனோடு நிற்க வைத்துவிட்டு மாப்பிள்ளை வண்டியை விட்டார். ஆச்சரியம், வண்டி பத்திரமாகத் தாண்டிவிட்டது. நானே கை தட்டினேன். ஆனால் படத்தைப் பார்த்தால் பாதி நேரம் மகளின் விரல் கேமராக் கண்ணாடியை மறைத்திருந்தது. வண்டி தாண்டியது, தாண்டியதற்குச் சாட்சி இல்லை. அதனால் மாப்பிள்ளை திரும்பிப் போய் இன்னொரு தடவை தாண்டினார், இந்தத் தடவை இன்னும் வேகமாக. பின்பக்கம் தூக்கிப் போட்டு 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. படம் நன்றாக வந்திருக்கிறது, சத்தம்கூடத் தெளிவாக.

என் வீட்டுக்காரர் கல்லுக்கு நடுவில் படுத்து உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. பின் அச்சை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்து வைக்க ஒரு இரும்புக் கை இருக்கிறதாம். அந்தக் கை சேசிஸில் வந்து சேருகிற இடத்தில் வெல்டு விட்டு, பாதிக்கு மேல் விரிசல்.

"மெதுவா போனா ஊர் போய்ச் சேரலாம்" என்றார். "இறக்கத்துல வேகமா போனா பிச்சுக்கும். அச்சு ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். அப்புறம் ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது. கம்பெனிக்குப் போன் பண்ணுங்க."

மாப்பிள்ளை போன் பண்ணவில்லை. தூக்கிக்கொண்டு போக வருகிற வண்டிக்கே எவ்வளவு என்று அவர் முன்னாலேயே படித்து வைத்திருந்தார். முன்பணமும் போகும். அப்போதுதான் மகள் கல் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அந்தப் பணம் அவளுடைய படிப்புக்கானது. கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, எக்ஸ்ரே எடுக்கிற படிப்புக்கு என்று மூன்று வருடமாகச் சேர்த்தது. அடுத்த மாதம் கட்ட வேண்டும். "திரும்பி வந்துடும், சும்மா பிடிச்சு வைக்கிறதுதான்" என்று சொல்லி மாப்பிள்ளை வாங்கிக் கட்டியிருக்கிறார். குரங்கு கையில் பூமாலையை நாங்களேதான் கொடுத்தோம், கல்யாணத்தன்று.

"மாமா" என்றார் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி. "சேறு பூசி மறைக்கிறதைப் பத்தி சொல்வீங்களே."

"சொல்வேன். நான் பிடிச்சதைப் பத்தித்தான் சொல்வேன்."

"பிடிக்க முடியாத மாதிரி பூச உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு அந்த ஆளைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

வண்டி சிக்கினால் இழுக்க என்று கம்பெனி கொடுத்திருந்த பட்டையால் அந்தக் கையை இறுக்கிக் கட்டி, எழுபது கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் ஊர்ந்து வந்தோம். அன்று முழுக்க அவரே ஓட்டினார். மறுநாள் காலை ஊருக்கு வெளியே ஒரு குட்டையருகில் நிறுத்தி, பட்டையை அவிழ்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். முதலில் குட்டைச் சேற்றில் மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் முன்னிருந்து பின்னாகத் தெறித்து இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் செய்யாமல் மறுபக்கமும் அதே அளவு. திருடனைப் பிடிக்கிறவருக்குத் தெரியாத திருட்டா? முடித்துவிட்டு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, "சூப்பர் மாமா!" என்றார்.

வண்டியை ஒப்படைக்கிற யார்ட் எங்கள் ஊர் யார்ட் போலவேதான் இருந்தது. அதே தகரக் கூரை, அதே தண்ணீர் பீச்சும் மெஷின், அதே எண்ணெய் வாடை. அங்கேயும் ஒரு பலகைக்காரர் இருந்தார், வழுக்கைத் தலை, அரைத் தூக்கம். அவருடைய பலகையில் தலைக்கு மெத்தை வைத்திருந்தது. அவர் உருண்டு உள்ளே போனார். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வெளியே நின்று பார்த்து அவருக்குப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். வழுக்கை வெளியே வந்து தாளில் நாலு டிக் அடித்தார். மாப்பிள்ளை என் தோளை லேசாகத் தட்டினார். என் மருமகன் என் உடம்பில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

அந்த நிமிடம் அலுவலகத்திலிருந்து ஒரு சின்னக் குடும்பம் வெளியே வந்தது. ஒரு புருஷன், ஒரு மனைவி, இரண்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. அந்தப் புருஷன் கையில் குழந்தை சீட். அவன் நேராக எங்கள் வண்டியின் பின் கதவைத் திறந்து சீட்டை மாட்ட ஆரம்பித்தான். சீசன் நேரம். எங்கள் வண்டி கழுவின கையோடு அவர்களுக்குப் போகிறது. அவர்கள் எங்கே போகிறார்கள் என்று மகள் கேட்டுச் சொன்னாள். மலைக்கு, அந்தப் பக்கம் இறங்கிக் கடற்கரைக்கு.

என் வீட்டுக்காரர் மகளைக் கூப்பிட்டார். "அவர்கிட்ட சொல்லும்மா. பின்னாடி இடது கை, சேசிஸ் பக்கம், விரிசல். சேறு நான் பூசினது."

"அப்பா..."

"சொல்லும்மா."

மகள் வழுக்கையிடம் போய் இரண்டு வாக்கியம் சொன்னாள். வழுக்கை பல்லெல்லாம் தெரியச் சிரித்து, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விரிசல் என்று கேட்டவன் சிரிக்க மாட்டான். இருபத்திரண்டு வருடம் அந்தப் பக்கம் இருந்தவருக்கு இது தெரியாதா? "என்னம்மா சொன்னே?" என்று கேட்டார். மகள் தரையைப் பார்த்தாள். "வண்டி நல்லா இருந்துச்சு, ரொம்ப நன்றின்னு அப்பா சொல்றாரு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நான் பெற்றது. என் வயிற்றில் பிறந்தது. குழந்தை சீட்டின் பெல்ட் 'டிக்' என்று மாட்டுகிற சத்தம் எங்களுக்குப் பின்னால் கேட்டது.

இனிப் பேசி என்ன, மொழி மகள் கையில் இருக்கிறதே. என் வீட்டுக்காரர் வழுக்கையின் பலகையைக் காலால் இழுத்தார், மல்லாக்கப் படுத்தார், உள்ளே போனார். ஒரு நிமிடத்தில் சேற்றுக் கட்டிகள் தரையில் விழுந்தன. பிறகு அடியிலிருந்து ஒரு கை நீண்டு, வழுக்கையின் பேண்ட்டைப் பிடித்து இழுத்தது. வழுக்கை முணுமுணுத்துக்கொண்டே தரையில் படுத்துத் தலையை நீட்டினார். எழுந்தபோது அவருக்குத் தூக்கம் கலைந்திருந்தது. மேனேஜரைக் கூப்பிட ஓடினார்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் கோபத்தை எதிர்பார்த்தேன். சந்தோஷம்தான் இருந்தது. முன்பணம் முழுவதும் பிடிக்கப்படும் என்று ஒரு தாளை நீட்டி மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு தண்ணீர் பீச்சுகிறவனைப் பார்த்து ஏதோ சொன்னார். அவன் தண்ணீர் அடித்துவிட்டு, கறுப்புப் பெயின்ட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தான்.

"என்ன சொல்றான்?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "வேற வண்டி இல்லையாம். இந்த வாரம் இப்படியே ஓடட்டுமாம். அடுத்த வாரம் வெல்டு வைப்பாங்களாம்."

பணமும் போயிற்று, வண்டியும் போகிறது. உண்மை சொன்னதற்கு அவர்கள் ரசீது மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, துப்பத்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் பெயின்ட் டப்பாவைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். திரும்பவும் பலகையில் படுத்து உள்ளே போனார். இந்தத் தடவை பலகையை மட்டும் வெளியே உதைத்துவிட்டு, ஈரத் தரையில், பின் சக்கரத்தை ஒட்டிக் குறுக்கே படுத்துக்கொண்டார். வெளியே தெரிந்தது இரண்டு செருப்புக் கால்கள்.

"வண்டியைத் தூக்கி அந்தக் கையைக் கழட்டட்டும். அப்புறம் வர்றேன்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. இதை மகள் சரியாகவே மொழிபெயர்த்தாள். அதற்கு மேல் கெடுவதற்கு அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மேனேஜர் கத்தினார். மாப்பிள்ளை, "மாமா, மானம் போகுது, ஃபிளைட்டுக்கு நேரமாகுது" என்று குனிந்து குனிந்து கெஞ்சினார். எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது யார் தெரியுமா? குழந்தை சீட் மாட்டினானே, அந்தத் தகப்பன். ஏழு நாளுக்குப் பணம் கட்டியிருக்கிறானாம். முதல் ராத்திரிக்கு மலை மேல் அறை போட்டிருக்கிறானாம், ரத்து செய்தால் பணம் வராதாம். இந்தக் கிழவன் அந்தக் காசைக் கொடுப்பானா என்று கேட்டான். அவன் குழந்தைக்காகத்தான் ஒருவர் சேற்றுத் தண்ணீரில் படுத்திருக்கிறார், அவன் அவருடைய காலைப் பிடித்து இழுத்தான். நான் போய் அவன் கையைத் தட்டிவிட்டேன். எங்கள் மொழியில் நான் அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் வழுக்கைதான் மேனேஜரிடம் கேட்காமலே ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் நகர்ந்து இடம் விட்டார். வழுக்கை சக்கரத்தைக் கழற்றி, கடப்பாரையை அந்த இரும்புக் கையில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். பெரிய பலம்கூடப் போடவில்லை. கை சேசிஸிலிருந்து பிய்ந்து, தரையில் விழுந்து உருண்டது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அந்தத் தாய் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் அதைக் காலால் புரட்டிப் பார்த்தான். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான்.

"நன்றி சொல்றானா?" என்றேன்.

"பக்கத்து ஊர்லேருந்து வேற வண்டி வர்றதுக்கு லேட் ஆகுதுல்ல," என்றாள் மகள், "வாடகையில எவ்வளவு குறைப்பீங்கன்னு கேக்கறான்."

விமானத்தில் மகளும் மாப்பிள்ளையும் எங்களோடு பேசாமல் முன்னால் எங்கோ உட்கார்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரரின் சட்டை முதுகு இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கு அவர் மேல் சொல்லி மாளாத பெருமை. படிப்பு அடுத்த வருடம் படித்துக்கொள்ளலாம், நகையை வைத்துக்கூடக் கட்டலாம், ஒரு குழந்தையின் உயிர் அப்படியா என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தேன். அந்த மேனேஜரை நினைக்க நினைக்க வாயில் கசந்தது.

"ஏங்க, இவ்வளவு கேவலமாவா இருப்பானுங்க? பாத்துக்கிட்டே அனுப்புறானே! நம்ம யார்டுல இப்படி எதாவது போயிருக்கா?"

இல்லை என்று சொல்வார் என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"மூணு" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சீசன்ல வேற வண்டி இருக்காது. முதலாளி பக்கத்துலயே நிப்பாரு. 'சரி'ன்னு போடு பலகை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்பாரு. போட்டுட்டேன். ரெண்டு வண்டி ஒண்ணும் ஆகாம வந்துடுச்சு."

"மூணாவது?"

"இறக்கத்துல உருண்டுடுச்சு. புதுசா கல்யாணம் ஆனவங்க. அவன் பொழைச்சுக்கிட்டான். அந்தப் பொண்ணு அங்கேயே போயிட்டா. அவன் வேகமா ஓட்டினான்னு எழுதி முடிச்சுட்டாங்க. நான் போட்ட கையெழுத்து இருந்துச்சுல்ல, வண்டி சரின்னு. நாலு வருஷம் ஆச்சு."

நாலு வருடம். அந்த வருடம்தான் கம்பெனியில் முதல் தடவையாக அவருக்கு மட்டும் தனியாக ஒரு போனஸ் கொடுத்தார்கள். நேர்மைக்குக் கொடுத்தது என்று நான் தெருவெல்லாம் சொன்னேன். அதில் வாஷிங் மெஷின் வாங்கினோம். வாரத்துக்கு நாலு தடவை அதில் துணி போடுகிறேன்.

எழுந்து வேறு எங்காவது போய் உட்காரலாம் என்றால் பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் வாந்தி எடுத்தவனை, மீன் வைத்தவனை, சேறு பூசினவனை எல்லாம் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காறித் துப்பியிருக்கிறோம். அவர்களில் ஒருவர் கூட ஆளைக் கொன்றுவிட்டு வந்தவரில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இப்படிப் பாப்பேன்னுதான்."

அவரே மறுபடி பேசினார். "நாளைக்கு டியூட்டி. ஏழு வண்டி வெளிய போகுது. அதுல ஒண்ணு, லீவுக்கு முன்னாடியே பாத்தேன், முன் பக்கம், எனக்கு சந்தேகமாத்தான் இருக்கு."

"அப்ப அதுக்கு அடியிலயும் போய்ப் படுங்க."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

அவர் தலையை ஆட்டினார். போன வாரமாக இருந்தால் அந்தத் தலையாட்டலே எனக்குப் போதும். மறுநாள் காலை நான் சலவைக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, படுக்கிறாரா இல்லையா என்று பார்க்க, அவருக்கு முன்னால் போய் யார்ட் வாசலில் நின்றுகொண்டேன்.